அஞ்சாம் நம்பர் லைன்

எஞ்சின அணைச்சிட்டான் பாருங்க, அப்பாடா. இப்பத்தான் காதுக்கு நிம்மதி. டயர் மாத்த எப்படியும் நேரமாகும் தம்பி, வாங்க, இந்த மரத்தடியில உக்காருவோம். சாத்தூர் தாண்டிட்டோம்ல? நீங்களும் மதுரைக்குத்தானா? நல்லதாப் போச்சு.

நீங்க கவனிச்சீகளா, கோவில்பட்டியில ஏறுனதுலேர்ந்து டிரைவர் தலைக்கு மேல இருக்குற ஸ்பீக்கரு இரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். கேக்கலயா? ஒருத்தருக்கும் கேக்கல. நான் மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்தேன். எர்த்து சரியில்லப்பா, பாடியில ஒரு வயரத் தட்டி விடுன்னு கண்டக்டர்ட்ட சொன்னேன். என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு டிக்கெட் போடப் போயிட்டான்.

என் தொழிலு அது தம்பி. சங்கரபாண்டியன் சவுண்ட் சர்வீஸ்னு கோவில்பட்டியில யாரக் கேட்டாலும் சொல்லுவாக. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம மைக்செட்டுதான். என் செட்டு இரையாது. மத்தவன் செட்டுல பேசுறவரு வாயத் திறக்கிறதுக்கு முன்னாலயே அந்த 'ம்ம்ம்' ஹம்மிங் வந்து உக்காந்துக்கிடும். நம்ம செட்டுல ஆளு பேசுனாத்தான் மைக்கு இருக்குறதே தெரியும். அந்தப் பேர எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. அதத்தான் எம் மகன் இப்ப குத்தமாச் சொல்றான். சிரிக்காதீக, நெசமாத்தான் சொல்றேன்.

ஒரே மகன். கோமதிநாயகம். சங்கரன்கோயில் அம்மனுக்கு நேந்து பெத்த பிள்ள, அம்மன் பேரையே வச்சா என் சம்சாரம் சண்முகத்தாய். டிப்ளமா படிச்சான். ஜப்பானுல காருக்குச் சாமான் செய்யிற ஒரு கம்பெனியில வேல கிடைச்சுப் போனான். நல்ல சம்பளம், நல்ல மரியாத. அதோட நின்னிருந்தா இந்தப் பேச்சே இல்ல.

அங்க அவனோட வேல பாக்குற இசோபேன்னு ஒருத்தரு. என் வயசு இருக்கும். அவரு கூட்டிக்கிட்டுப் போயி ஒரு குழுவுல சேத்து விட்டுட்டாரு. இசோபே, கனாயேன்னு ஒரு பொம்பள, இவன். மூணே பேரு. ரயில் பாலத்துக்குக் கீழ பூட்டிக் கிடந்த ஒரு கடைய வாடகைக்கு எடுத்து, வாரா வாரம் உக்காந்து வாசிப்பாகளாம். குழுவுக்கு ஒரு பேரு இருக்கு, என் வாயில நுழையாது. காத்து நின்னு போன கடலுன்னு அர்த்தமாம்.

"என்ன பாட்டுலே வாசிக்கீக?"ன்னு ஒருநா போன்ல கேட்டேன்.

"பாட்டு இல்லப்பா. ஒரு சுரம். அதையே ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டு இருப்போம்."

"அப்புறம்?"

"அப்புறமும் அதான்."

தாளம் கிடையாது, மெட்டு கிடையாது, முன்கூட்டிப் பேசி வச்சுக்கிறதும் கிடையாது. அந்தந்த நேரத்துக்கு என்ன வருதோ அது. ஆனா ரெண்டு சட்டம் வச்சிருக்காக. யாரும் சத்தத்தத் தானா நிறுத்தக் கூடாது, அது தானாத் தேய்ஞ்சு போகுற வரைக்கும் விடணும். வாசிக்கும்போது நாய் குரைச்சாலும் சரி, மேல ரயிலு போனாலும் சரி, அதுவும் வாசிப்புல சேத்தி, குத்தம் சொல்லக் கூடாது. நான் இத என் மச்சினன் செல்லத்துரைகிட்ட சொன்னேன். "அப்ப நம்ம ரைஸ் மில்லுல தெனமும் கச்சேரிதான் மச்சான்"னு சொல்லிச் சிரிச்சான்.

அந்தச் சமயத்துலதான் சண்முகத்தாய்க்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சது. நுரையீரல் சுருங்கிப் போச்சு, இனி விரியாதுன்னு சொல்லிட்டாக. வீட்டுல வச்சே ஆக்சிஜன் குடுக்குற மிசினு ஒண்ணு வாங்கினோம். காத்துலேர்ந்தே பிரிச்சுக் குடுக்கும். கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு, குழாய மூக்குல மாட்டிட்டாக. ராத்திரி பகல்னு இல்லாம அது ஓடும். ஓடும்போது சும்மா ஓடாது. இரையும்.

தம்பி, நான் அவளுக்கு ஒரு குறை வைக்கல. எங்க ஊர்ல கரண்டு எப்பப் போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஜெனரேட்டர வாடகைக்கு விடுறத நிறுத்திட்டு வீட்டு வாசல்ல கொண்டாந்து போட்டேன். இன்வெர்ட்டர் தனியா மாட்டுனேன். மிசினுக்குன்னு தனி எர்த்து எடுத்தேன். கல்யாண சீசன்ல வந்த ஆர்டரையெல்லாம் ஜெனரேட்டர் இல்லன்னு திருப்பி அனுப்புனேன். அவ மூக்குல காத்து நிக்க விட்டதில்ல. இத நாயகம் என்னைக்காவது ஒரு வார்த்த சொல்லியிருப்பானா? சொன்னதில்ல.

ஆனா அந்த இரைச்சல மட்டும் என்னால தாங்க முடியல. மிசினுக்கு அடியில ரப்பர் வச்சுப் பாத்தேன், கார்க்கு வச்சுப் பாத்தேன், செவத்துலேர்ந்து தள்ளி வச்சுப் பாத்தேன். அவ கையக் காட்டி என்ன நிறுத்துவா.

"இருந்துட்டுப் போகட்டும் விடுங்க. அது சத்தம் கேக்கும்போதுதான் எனக்குத் தைரியமா இருக்கு"ன்னு சொல்லுவா.

அவளுக்குத் தைரியம், எனக்கு நெஞ்சப் பிசையுது. அதனால நான் கடையில போயி உக்காந்துக்கிடுவேன். தொழிலுன்னு ஒண்ணு இருக்குல்ல? வீட்டுல கொழுந்தியா இருந்தா. நல்லாப் பாத்துக்கிட்டா.

நாயகம் தெனமும் போன் போடுவான். முதல்ல பேசுனா. அப்புறம் நாலு வார்த்த பேசுறதுக்குள்ள மூச்சு இழுக்க ஆரம்பிச்சிட்டு. பேச வேணாம்மா, போன தலகாணியில வச்சிரு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் மணிக்கணக்கா போனு அவ காதுக்குப் பக்கத்துல கெடக்கும். இவ பேச மாட்டா, அவனும் பேச மாட்டான். மிசினுதான் பேசும். நான் உள்ள வந்தா போன எடுத்து, "என்னலே, சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சிருவேன். போனு சும்மா ஓடிக்கிட்டு இருந்தா நமக்கு மனசு கேக்காதுல்ல.

அவ போன அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. எட்டயபுரம் பக்கத்துல ஒரு கோயில் கொடை, குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு இருந்தேன். தகவல் வந்து ஓடியாந்தேன். கொழுந்தியா மாருல அடிச்சு அழுதுக்கிட்டு இருக்கா, சனம் கூடிட்டு. அந்த மிசினு மட்டும் எப்பவும் போல ஓடிக்கிட்டு இருக்கு. அவ மூக்குல குழாயி அப்படியே இருக்கு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, முதல்ல இத நிறுத்தணும். நேராப் போயி சுவிட்ச அமத்துனேன்.

வீடே அமைதியாயிருச்சு. அப்பத்தான் தலகாணியிலேர்ந்து 'அப்பா நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்கப்பா'ன்னு சின்னச் சத்தமா கேக்குது. போனு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும் தம்பி? செத்துப் போனவளுக்கு எதுக்கு மிசினுங்கிறேன். நீங்களே சொல்லுங்க.

ம். அங்க லீவு வாங்கி, பிளைட் பிடிச்சு, அவன் வந்து சேர்றதுக்குள்ள காரியம் முடிஞ்சு போச்சு. வந்து ஒரு மூலையில உக்காந்தான், திரும்பிப் போயிட்டான்.

தலைத்திவசத்துக்கு வருவேன்னு சொன்னான். வந்தான். தனியா வரல, ஜப்பான்காரங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டான். திவசத்துக்கு மறுநா சாயங்காலம் நம்ம சமுதாய மண்டபத்துல அம்மாவுக்காக வாசிக்கப் போறோம்ப்பா, செட்டு நீங்கதான் போடணும்னான். தம்பி, அத்தன வருசத்துல அவன் என் தொழில மதிச்சுக் கேட்டது அதான் முதல் தடவ. எனக்கு அப்படியே மனசு நெறஞ்சு போச்சு. புது கேபிள் வாங்குனேன். ஒவ்வொரு பிளக்கையும் பிரிச்சு, துடைச்சு, திரும்ப ஈயம் வச்சுப் பத்த வச்சேன்.

நல்ல மனுசங்க ரெண்டு பேரும். இசோபே கிட்ட மூங்கில் குழாயக் கத்தையாக் கட்டுன மாதிரி ஒரு வாத்தியம். மூச்ச உள்ள இழுத்தாலும் சத்தம், வெளிய விட்டாலும் சத்தம், நிக்கவே நிக்காது. வாசிக்கிறதுக்கு முன்னால ஒரு சின்னக் கரண்ட் அடுப்புல அத அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டுறாரு. நம்ம ஊர்ல தப்பு மேளத்தத் தீயில காட்டிச் சூடு பண்ணுவாகல்ல, அதே மாதிரி. அந்தப் பொம்பள கனாயே பஜார்ல போயி ஒரு பித்தாளத் தாம்பாளம் வாங்கிட்டு வந்துச்சு. அத நிமித்தி வச்சு, ஓரத்துல வயலின் வில்லப் போட்டு இழுத்துச்சுன்னா சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியல. பாத்திரக்கடைக்காரரு மண்டபத்துக்கு வந்து பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டாரு.

நாயகம்கிட்ட ஒரு பெட்டி, நாலஞ்சு குமிழு. என் மிக்ஸர்ல அவன அஞ்சாம் நம்பர் லைன்ல மாட்டுனேன்.

"அப்பா, ஆரம்பத்துல இதுல ஒண்ணும் கேக்காது. மெல்ல மெல்லத்தான் வரும். நீங்க இதத் தொட வேணாம்"னான்.

"என்னலே வச்சிருக்க?"

"அம்மா இருக்காப்பா இதுல."

சரிலேன்னு மட்டும் சொன்னேன். அம்மா பேசுன பேச்சு எதையோ புடிச்சு வச்சிருக்கான், அதப் போடப் போறான்னு புரிஞ்சுக்கிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான புரிஞ்சுக்கிடுவாக?

சனம் வந்துச்சு. சொந்தக்காரங்க, தெருக்காரங்க, என் தொழில்ல இருக்குற ரெண்டு மூணு பேரும் வந்து பின்னால உக்காந்திருக்காக. ஆரம்பிச்சாக. குழாயி, தாம்பாளம், ரெண்டும் ஒண்ணா ஒரு சத்தத்தப் புடிச்சுக்கிட்டு நிக்குது. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு பக்கத்துல ஒரு கிழவரு கேட்டாரு. ஆரம்பிச்சிட்டு பெரியப்பான்னேன். என் செட்டு கண்ணாடி மாதிரி இருந்துச்சு தம்பி. நெசமாவே பெருமையா இருந்துச்சு.

கொஞ்ச நேரம் போச்சு. அப்ப அடியில ஒரு 'ம்ம்ம்'.

ஹம்மிங்! என் செட்டுல, எம் மகன் கச்சேரியில, என் பொண்டாட்டி திவசத்துல! எர்த்துதான்னு நெனச்சேன். ஆள விடாம நானே பின்னால ஓடி, வாளித் தண்ணியில உப்பக் கரைச்சு எர்த்து குழியில ஊத்துனேன். வந்து கேட்டா அப்படியேதான் இருக்கு. இன்னும் கூடுது. செல்லத்துரை திரும்பி, "என்ன மச்சான், உங்க செட்டு இரையுது"ங்கிறான். பின்னால தொழில்காரனுக ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கானுக.

ஒவ்வொரு லைனாப் பாத்தேன். அஞ்சாம் நம்பர்லேர்ந்துதான் வருது.

இப்ப ஒண்ணு கேக்குறேன் தம்பி, நிதானமாச் சொல்லுங்க. அதுல சண்முகத்தாய் பேசப் போறா. அவளே மூச்சு இழுத்து இழுத்துப் பேசுனவ. இவ்வளவு இரைச்சலுக்கு அடியில அவ பேசுனா யாருக்குக் கேக்கும்? அவ பேச்சு தெளிவாக் கேக்கணும்னுதான நான் செஞ்சேன்? எங்க தொழில்ல ஒரு பழக்கம். பேசுறவரு மைக்குக்கு வர்ற வரைக்கும் அந்த லைன்ல சத்தத்த இறக்கித்தான் வச்சிருப்போம். வாயத் திறக்கும்போது தூக்குவோம். அதத்தான் செஞ்சேன். அஞ்சாம் நம்பர இறக்குனேன்.

இரைச்சல் போச்சு. சனத்துக்கு மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு. செல்லத்துரை கட்டவிரலக் காட்டுனான். நான் கைய குமிழ் மேலயே வச்சுக்கிட்டு இருந்தேன். அவ பேச ஆரம்பிச்ச உடனே தூக்கணும்னு. கண்ண எடுக்கல, கைய எடுக்கல. வரும், வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பொம்பள வில்லு தேய்ஞ்சு தேய்ஞ்சு நின்னுச்சு. இசோபே குழாயில மூச்சு நின்னுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு.

இசோபே நேரா என்கிட்ட வந்தாரு. இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டாரு. அந்தப் பொம்பளயும் அப்படியே குனிஞ்சுச்சு. சரியான நேரத்துல அமைதியக் கொண்டாந்தீங்க, நாங்க மூணு பேரு இல்ல, நாலு பேருன்னு அவரு சொன்னதா அந்தப் பொம்பள இங்கிலீசுல சொல்லிச்சு, எங்க தெரு டீச்சரு தமிழ்ல சொன்னாக. அவுக ஊர் பெரிய மனுசனே சொல்லிட்டாரு பாத்தீகளா? அப்ப நான் செஞ்சது சரிதான? இவன் மட்டும் வரல.

தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால, கை கழுவுற தொட்டிகிட்ட நிக்கான். குழாயத் திறந்து விட்டுட்டு, கழுவாம நிக்கான். சொன்ன பேச்சக் கேக்காத பிள்ள இல்ல தம்பி அவன், சாதுவான பிள்ள.

"ஏன்ப்பா இறக்குனீங்க?"

"இரைஞ்சுச்சுலே. அம்மா பேசும்போது தூக்கலாம்னு..."

"அது இரைச்சல் இல்லப்பா. அம்மாவோட மிசினு. நான் ஒருநா போன்ல பதிஞ்சு வச்சது."

நான் கைய நீட்டிக் குழாய மூடுனேன்.

"அம்மா பேசிட்டாப்பா"ன்னான். "அவ்வளவு நேரம் மிசினு ஓடி, கடைசியில ஒரே ஒரு தடவ கூப்பிடுவா. நீங்க இறக்கி வச்சிருக்கும்போது கூப்பிட்டு முடிச்சிட்டா."

ஆமா தம்பி. லைன இறக்கிட்டா உள்ள பேசுறது வெளிய கேக்காதுல்ல. அவ ஆரம்பிச்சது எனக்கு எப்படித் தெரியும்? இத்தன வருசம் தொழில் பண்றேன், மேடையில ஆள் வர்றத கண்ணால பாத்துத் தூக்கியே பழக்கம். அவ மேடைக்கு வரலியே.

"அதுக்கென்னலே, திரும்பப் போடு, எல்லாரும் இன்னும் போகல"ன்னேன். அவன் என்னப் பாத்த பார்வை இருக்கே, அத என்னால சொல்ல முடியாது.

"அன்னைக்கும் நீங்கதாம்ப்பா நிறுத்துனீங்க. இன்னைக்கும் நீங்கதான்."

அவ்வளவுதான் பேசுனான். மறுநா காலையில மூணு பேரும் கிளம்பிட்டாக. அந்தக் கனாயே தாம்பாளத்தத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு காருல உக்காந்துச்சு. இசோபே திரும்பவும் கும்பிட்டாரு. எம் மகன் முன் சீட்டுல உக்காந்து நேராப் பாத்துக்கிட்டு இருந்தான்.

ரொம்ப நாளா போன் இல்ல. நான் போட்டா எடுக்க மாட்டான். பெத்த தகப்பன் மேல அப்படி என்ன கோவம்? நான் அவள அடிச்சேனா, பட்டினி போட்டேனா? ஜெனரேட்டர வாசல்ல போட்டுக் காத்து நிக்காமப் பாத்தவன் நானு. அவன் அங்க உக்காந்து போன்ல கேட்டுக்கிட்டு இருந்தான், அவ்வளவுதான? நான் எதுக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? கேக்க மாட்டேன்.

அப்புறம் ஒருநா போன்ல ஒண்ணு வந்துச்சு. அவன்தான் அனுப்பியிருந்தான். 'முழுசா உக்காந்து கேளுங்கப்பா, நடுவுல நிறுத்தாதீங்க'ன்னு ஒரு வரி. வேற விசாரிப்பு ஒண்ணும் இல்ல. அந்தப் பதிவுதான். மண்டபத்துல ஓடுச்சே, அது.

இந்தா, இதுல இருக்கு பாருங்க.

கேட்டீகளான்னா, கேட்டேன். ஆரம்பிச்சு விட்டேன். 'ம்ம்ம்'னு எழும்புச்சு பாருங்க, என் வீட்டு மிசினுதான், அடியில நான் வச்ச ரப்பரு லேசா உதறுற சத்தம் வரைக்கும் இருக்கு. நான் எந்திரிச்சு தெருவுக்கு வந்துட்டேன். இன்னொரு நா கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். அன்னைக்கும் முடியல. கடையில வச்சுப் பாத்தேன், கை தானாப் போயி நிறுத்திருது. எனக்கு இந்த இரைச்சல் ஒத்துக்கிடாது தம்பி, அதான் காரணம். தொழில் அப்படி. காது அப்படிப் பழகிப் போச்சு.

இல்ல. பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. பயமா இருக்கு.

அவ யாரக் கூப்பிட்டான்னு நாயகம் சொல்ல மாட்டேங்கான். ஒரு தடவ போன எடுத்தான், கேட்டேன். "கேட்டீங்கன்னா தெரியும்ப்பா"ன்னு வச்சிட்டான். அவனத்தான் கூப்பிட்டிருப்பா. போனு ஓடுதுன்னு அவளுக்குத் தெரியும், அவன் அந்தப் பக்கம் இருக்கான்னு தெரியும். பெத்தவ, பிள்ளையத்தான கூப்பிடுவா. நியாயந்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ என்ன எப்பவும் 'ஏங்க, இருக்கீகளா'ன்னுதான் கூப்பிடுவா. கடையில இருக்கேன்னு தெரிஞ்சும் கூப்பிடுவா. ஒருவேள அப்படிக் கூப்பிட்டிருந்தா, தம்பி? நான் கடையில உக்காந்திருக்கேன், அவ கூப்பிட்டிருந்தா?

நீங்க கேளுங்க. உங்களுக்கு இது ஒண்ணும் செய்யாது, யார் வீட்டு மிசினோ. டயரு இப்பத்தான் கழட்டுறானுக, நேரம் இருக்கு. இந்தாங்க, காதோட ஒட்டி வச்சுக்கிடுங்க. இத அமத்துனா ஓடும். நடுவுல மட்டும் நிறுத்திராதீக.

நான் அந்தா, அந்தப் பாலத்துகிட்ட போயி நிக்கேன். அவ என்ன சொன்னான்னு நீங்க எனக்குச் சொல்ல வேணாம். என்னக் கூப்பிட்டிருந்தா மட்டும் கையத் தூக்கிக் காட்டுங்க. இல்லன்னா போன இந்தா இருக்குற என் பையில போட்டுட்டு, நீங்க பாட்டுக்கு பஸ்ஸுல ஏறிருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.